ஏட்டையா மூட்டிய வெந்நீர் அடுப்பு

குத்துக்கல்வலசையில் ஏட்டையா வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கை காட்டும். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, மாரி காக்கியைக் கழற்றி வைத்த பிறகும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். வேலையில் இருந்தவரை எந்தக் கொம்பனுக்கும் பயப்படாத மனிதர். போன ஆனி மாதம் பயந்துபோனார். தென்காசியில் டாக்டரம்மா ஒருத்தி, அவர் மனைவி வள்ளித்தாயின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கிய அந்த நிமிஷத்தில்.

"வீட்டுல யாராவது சிகரெட் குடிப்பீங்களா?"

"ஒரு பழக்கமும் கிடையாதும்மா." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அப்ப இவங்க நெஞ்சுல இவ்வளவு புகை எப்படிப் போச்சு?"

"வெந்நீர் அடுப்புதாம்மா," என்றாள் வள்ளித்தாய். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவிலேயே மூச்சு வாங்கினாள்.

புகை நிற்காமல் மருந்து மட்டும் தின்று பயனில்லை, அடுத்த முறையும் மூச்சு இப்படியே இருந்தால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஏட்டையா வாயைத் திறக்கவில்லை.

சமையலுக்கு அந்த வீட்டில் கேஸ் இருக்கிறது. புறவாசலில் குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் விறகு அடுப்பு இருப்பது அவருக்காகத்தான். ராத்திரி டியூட்டியில் கெட்டுப்போன முதுகு அவருக்கு. ஹீட்டர் தண்ணி உடம்பில் ஒட்டாது, விறகில் காய்ந்த தண்ணிதான் ஒட்டும் என்பது அவர் போட்ட சட்டம். சட்டம் போட்டது அவர், விடியுமுன் எழுந்து அமல்படுத்தியது வள்ளித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் எலக்ட்ரீஷியன் அப்துல் ஜப்பாருக்குப் போன் போட்டு ஹீட்டர் மாட்ட வரச் சொன்னார்.

"அண்ணாச்சி, குத்தாலத்துல சீசன் களை கட்டிட்டு. லாட்ஜ் ஹீட்டர் எல்லாம் என் தலையிலதான் விடியுது. சாரல் ஓயட்டும், வந்து மாட்டித் தாரேன்."

"அதுவர பச்சத் தண்ணியில குளிச்சுக்கிடுதேன்," என்றார் மனைவியிடம்.

"முதுகு பிடிச்சுக்கிட்டா யாரு தூக்க? இத்தன வருசம் மூட்டுனவளுக்கு இன்னுங் கொஞ்ச நாள் மூட்ட முடியாதா?"

"நீ அந்தப் பக்கமே போகப்படாது. நான் மூட்டுதேன்."

வள்ளித்தாய் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விடிகாலை ஏட்டையா அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார். அடுப்பு வாய் கொள்ளுமட்டும் விறகைத் திணித்தார். கற்பூரம் வைத்தார், பேப்பரைக் கொளுத்தினார், ஊதுகுழலை எடுத்துக் கன்னம் வலிக்க ஊதினார். புகைதான் வந்தது.

"சாம்பல அள்ளுனீயளா?" சமையலறையிலிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது.

அள்ளவில்லை.

"அடியில காத்து போகணும்லா. விறகக் கொறைங்க. சிரட்டையும் பாளையும் முதல்ல வச்சு, அது பிடிச்ச பொறவு சின்ன விறகா இடம் விட்டுக் குறுக்க வைங்க. வாய அடச்சா அது எப்படி எரியும்?"

சொன்னபடி செய்தார். தீ பிடித்தது. ஏட்டையாவுக்குக் கள்ளனைப் பிடித்த சந்தோஷம். ஆனால் கிளம்பிய புகை போகாமல் அறைக்குள்ளேயே நின்றது. கண் எரிந்தது, நெஞ்சு கமறியது. இது வெளியே போக வழி எங்கே என்று அண்ணாந்து பார்த்தார்.

மேலே அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

பணி நிறைவு விழாவுக்கு ஸ்டேஷன் பையன்கள் அடித்த ஃப்ளெக்ஸ் அது. போன சாரலில், கூரைக்குக் கீழிருந்த சன்னல் வழியாகத் தூறல் அடித்து விறகெல்லாம் நனைகிறது என்று அவர்தான் அதை மடித்துச் சன்னலில் ஆணி அடித்தார். புகை எங்ஙன போகும் என்று அவள் அப்போதே கேட்டாள். கதவு இருக்குல்லா என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு இருந்தது. ஆனால் தூங்குகிற மனுஷனின் அறைக்குப் புகை வந்துவிடும் என்று அவள் அந்தக் கதவைத் தினமும் சாத்திவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தாள். அது ஏட்டையாவுக்கு இப்போதுதான் உறைத்தது. பாவி, நீ சிரிக்க இவ மூச்சுத்தான் கெடச்சுதா என்று தன் படத்தையே வைதார். ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பிய்த்து எறிந்தார். புகை அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே போனது. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கே விறகை வெளிச்சுவர் ஓரமாக, கீழே செங்கல் கொடுத்து, காற்று புகுந்து வர இடைவெளி விட்டு அடுக்கினார். மேலே மட்டும் அந்த ஃப்ளெக்ஸைப் போர்த்தினார். ஒரு நாளைக்கு வேண்டிய விறகு மட்டும் உள்ளே, அதுவும் அடுப்பு வாயை விட்டுத் தள்ளி.

அடுக்கி முடிக்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருந்தது. "ஏட்டி, வந்து குளி," என்றார்.

"நீங்க குளிங்க. நான் பொறவு குளிச்சுக்கிடுதேன்."

அதுதான் அந்த வீட்டு வழக்கம். அவர் குளித்து முடித்த பிறகு, அண்டாவின் அடியில் கிடப்பதோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து அவள் குளிப்பாள்.

"உனக்குச் சூடு ஆகாதுன்னுல்லா நெனச்சிருந்தேன்."

"யாரு சொன்னா?" என்றாள். "மிச்சம் இருக்க சூடு அவ்வளவுதான்."

ஏட்டையா அண்டா மூடியைத் திறந்தார். வாளியில் வெந்நீரை மோந்து, கையை விட்டுப் பதம் பார்த்து, குளியலறையில் கொண்டுபோய் வைத்தார். நெடுநேரம் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுப்பில் கிடந்த கங்குகளைத் தண்ணீர் தெளித்து அணைத்தார். அப்புறம் அண்டாவின் அடியில் மிஞ்சியதோடு பச்சைத் தண்ணீர் கலந்து குளித்தார். முதுகு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆடி முழுக்கச் சாரல் பெய்தது. ஆவணியில் டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, திருநெல்வேலி வேண்டாம், இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அன்றைக்கு பஸ்ஸில் ஏட்டையாதான் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தார்.

புரட்டாசியில் ஜப்பார் ஹீட்டரோடு வந்தார். புறவாசலில் அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது எரியுதே அண்ணாச்சி. அப்ப ஹீட்டர் யாருக்கு?"

"எனக்கு. அவளுக்கு விறகு வெந்நீர்தான் பிடிச்சிருக்கு. அவளுக்கு நான் மூட்டுதேன்."

"ஹீட்டர் தண்ணி உடம்புல ஒட்டாதும்பீயளே?"

ஏட்டையா ஒரு விறகைப் பின்னுக்கு இழுத்துத் தீயைக் குறைத்தார்.

"ஒட்டுனது ஒட்டட்டும்லே," என்றார். "நீ மாட்டு."