மலேரியாவை வென்ற மங்கை

சேவூர் ஸ்டெஃபி பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் புதுப்புது மருந்துச் சேர்மங்களை மலேரியாக் கிருமிமேல் சோதிப்பவள். பல வருடத்தில் ஒன்றே ஒன்று கிருமியைக் கொன்றது. அதுவும் கண்ணாடித் தட்டில். எங்கள் ஊருக்கு அது போதாதா? பட்டு நெய்யும் அவள் பெரியப்பா யோவான், ‘மலேரியாவை வென்ற மங்கையே வருக’ என்று, அவள் படத்தோடு தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்.

“இன்னும் எலிக்கே குடுக்கல, பெரிப்பா.”

“நீ சும்மா இரும்மா. ஊரே உன்னைப் பத்திதான் பேசிகினு கீது.”

பிறகு அதே ஃப்ளெக்ஸ் அவர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. தறியில் பாவு நூல் ஓர் இழை தொய்ந்தாலும் பொறுக்காத மகானுபாவர், அதைத் தொளதொளவென்று கட்டியிருந்தார். மழைக்காலத்தில் வந்த ஸ்டெஃபி ஏறிப் பார்த்தாள். ஃப்ளெக்ஸில் சிரித்த அவள் முகத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்தது.

கீழே பெரியப்பா கையைச் சொறிந்தபடி கேட்டார்: “கொசுவால ஒரே பேஜாரு. உன் மருந்து எப்பம்மா கடைக்கு வரும்?”