மேடத்தின் குட்டிகளும் கிளட்ச் அக்கா வைத்த டெஸ்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் "கிளட்ச்! கிளட்சை மிதிங்க!" என்று அவள் போடும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டதால், எல்லாருக்கும் அவள் கிளட்ச் அக்கா ஆகிவிட்டாள்.

அவளிடம் படித்த ஒருவர் வெளிநாட்டுக்கு மாற்றலாகிக் கிளம்பியபோது, தன் லாப்ரடார் பெட்டை நாயைக் கண்ணீரும் கம்பலையுமாக அவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். வந்த அன்றைக்கே அது சோபாவின் நட்டநடுவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அக்காவின் வீட்டுக்காரர் ஓரமாக நின்று, "மேடம், கொஞ்சம் தள்ளிப் படுத்தீங்கன்னா நானும் உக்காருவேன்" என்று கேட்கப்போய், மேடம் என்பதே அதன் பெயராகிவிட்டது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவருக்கு நாய் என்றாலே ஆகாது. ஒரு மாதம் போவதற்குள் அவர் தட்டில் இருந்த முட்டையில் பாதி மேடத்துக்கு என்று ஆனது.

முதலில் தூபம் போட்டவர் நாய்த்தீனிக் கடைக்காரர். "பணம் காய்க்கிற மரத்தை வீட்டுல வெச்சுக்கிட்டு, வெயில்ல கார்ல சுத்துறீங்களே அக்கா! எனக்குத் தெரிஞ்ச ஆள்கிட்ட ஜோரான ஆண் நாய் இருக்கு. நான் பேசி முடிக்கிறேன்."

பேசி முடித்தார். ஏழு குட்டிகள் பிறந்தன. கண் திறந்த கையோடு அவை வீட்டை ரெண்டுபடுத்தின. செருப்பு, மிதியடி, வீட்டுக்காரரின் கருவிப் பை எதையும் விடவில்லை. முன்பணம் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள். கிடைத்த காசில் அக்கா ஒரு வாஷிங் மெஷின் வாங்கினாள். குட்டிகள் நனைத்த துணிகளைக் கையால் துவைத்துத் துவைத்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

அந்தக் குட்டிகளில் ஒன்றை வாங்கியவள் ஒரு நர்ஸ். மறு வருஷம் கார் கற்றுக்கொள்ள வந்தவள், நாயையும் கூட்டி வந்திருந்தாள். நல்ல வளர்த்தி. ஆனால் கார்க் கதவைத் திறந்துவிட்டால் ஏறாமல், பின்னங்காலை ஊன்றத் தயங்கி நின்றது.

"டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாரு அக்கா. இடுப்பு மூட்டு சரியா அமையலையாம். பெரும்பாலும் அப்பன் ஆத்தா வழியா வர்றதுதானாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்று பாடம் நடத்தியதில் கிளட்ச் என்ற வார்த்தையே வரவில்லை. மறுநாள் மேடத்துக்கு எக்ஸ்ரே எடுக்கவைத்தாள்; மேடத்தின் இடுப்பில் பழுதில்லை. நேராக ஆண் நாய்க்காரர் வீட்டுக்குப் போனாள். கேட்டில் கட்டியிருந்த அந்த நாய், அவளைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு எழுந்திருக்கவே பாடுபட்டது.

"அதுக்கு எப்பவுமே இடுப்பு கொஞ்சம் அப்படித்தான்" என்றார் அவர், பல்லைக் குத்திக்கொண்டே. "அதனால என்ன? குட்டி நல்லாத்தானே பொறந்துச்சு? வித்தாச்சு, காசு வந்தாச்சு. அப்புறம் அது வாங்கினவன் பாடு."

அக்கா அவரை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள். பிறகு குட்டி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தாள். இன்னொரு வீட்டிலும் அதே கதை. இரண்டு வீட்டு வைத்தியச் செலவிலும் பாதியைத் தான் தருவதாகச் சொன்னாள். நர்ஸ் மறுத்துப் பார்த்தாள். அக்காவின் தொண்டைக்கு முன்னால் அது எடுபடவில்லை.

"இனி குட்டியே வேணாம்னு சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா டாக்டரிடம் கேட்டாள். மேடத்துக்கு வயதும் உடம்பும் இடம் கொடுப்பதால், நன்றாக ஓய்வு கொடுத்து இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றார் அவர். "ஒரே தடவை. அதையாவது ஒழுங்காப் பண்ணுவோம்" என்று அக்கா முடிவெடுத்தாள். இந்த முறை ஆண் நாயின் எக்ஸ்ரேயைப் பார்த்தபிறகுதான் சம்பந்தம் பேசினாள். அதற்காகத் தொலைவில் ஒரு வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் செலவு, ஊசி, நல்ல தீனி என்று பணம் தண்ணீராகப் போனது.

குட்டிகள் பிறந்து பால் மறந்ததும் நாய்த்தீனிக் கடைக்காரர் கூடையோடு வந்து நின்றார். "மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். உங்களுக்குத் தலைவலியே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போட்டா இந்த எக்ஸ்ரே செலவெல்லாம் ஈடாயிடும் அக்கா."

"வருஷத்துக்கு ரெண்டு ஈத்தா? நீங்க ஒண்ணு பெத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

கடைக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

குட்டி யாருக்குப் போகிறது என்பதையும் அவளே பார்த்து முடிவு செய்ய நினைத்தாள். அவளுக்குத் தெரிந்தது டெஸ்ட் வைப்பது ஒன்றுதான். வருகிறவர் மேடத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அக்கா பின்னாலேயே நடப்பாள். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பெயில். போனைப் பார்த்தால் பெயில்.

பெரிய காரில் வந்த ஒரு தொழிலதிபர் முதல் திருப்பத்திலேயே பெயில். "எவ்வளவு வேணும்னாலும் தரேன்மா" என்றார்.

"லைசென்ஸைக் காசுக்கு விக்கிற ஆள் நான் இல்ல சார்."

அவர் கோபத்தில் காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் காரும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவர், கடைசியில் கண்ணாடியை இறக்கி, "கார் ஓட்டவாவது எனக்குக் கத்துக்கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரமே சேர்ந்துகொண்டார்.

சலூன்காரர் ஒருவர் வந்தார். மேடம் வழக்கம்போல ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று மோந்து பார்த்தது. அவரும் கூடவே நின்றார். மேடம் குப்பைத்தொட்டியைச் சுற்றி வந்தபோது, "ஆகட்டும் தாயி, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அக்கா அங்கேயே பாஸ் போட்டுவிட்டாள். விலையைக் கேட்டதும் அவர் முகம் தொங்கியது.

"பாதி கொடுங்க போதும். மீதிக்கு எங்க வீட்டுக்காரருக்கு முடி வெட்டிக் கழிச்சுடுங்க."

"எனக்கு எங்கடி முடி இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மற்ற குட்டிகளும் ஒவ்வொன்றாக நல்ல வீடு போய்ச் சேர்ந்தன. "வளர்க்க முடியலைன்னா ரோட்டுல விடாதீங்க, எங்கிட்டயே கொண்டுவந்து விடுங்க" என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினாள். கடைசியாக, ஒரு காது பின்பக்கமாக மடிந்தே இருக்கும் ஆண் குட்டி மட்டும் போகவே இல்லை. அக்கா கார்ப் பாடத்துக்குப் போகும் நேரங்களில் டெஸ்ட் வைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வந்தவர்கள் அத்தனை பேரும் பெயில்.

"அந்த டீச்சரம்மாவை எதுக்குங்க பெயில் பண்ணீங்க? தங்கமான பொம்பளையாச்சே!"

"அவங்க... ரொம்ப வேகமா நடந்தாங்க."

"ரெண்டாவது மாடித் தாத்தா?"

"ரொம்ப மெதுவா நடந்தாரு."

அக்கா இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து காது மடிந்த ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வெளிப்படையாக் கேட்டிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?"

"எனக்கும் டெஸ்ட் வெச்சிருப்பியே" என்றார் அவர்.

மேடத்துக்குக் கருத்தடை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்புகிற வழியில் கடைக்காரர் வண்டியை மறித்தார். "கடைசியில கையில என்னதான் மிஞ்சுச்சு அக்கா?"

"இன்னொரு வாய் மிஞ்சியிருக்கு. ரெண்டு கிலோ குட்டித்தீனி போடுங்க" என்றாள் அக்கா.