என் மகன் சொன்ன முதல் வார்த்தை

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. பெற்றது ஆறு, நாத்தனார் பிள்ளையோடு சேர்த்து வளர்த்தது ஏழு. யாரிடமும் கையேந்தாமல் வளர்த்தேன். அப்படிப்பட்ட நான் மாரியம்மன் முன்னால் கையேந்தியதைத்தான் சொல்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு, ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்த காலம். என் மூன்றாவது மகன் ஏழுமலை இலங்கைக்குப் போன பட்டாளத்தில் இருந்தான். தலையில் குண்டு பட்டதாகத் தந்தி வந்தது. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மெஷினில் தலைக்குள் படம் பிடித்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

தை மாதம் அழைத்துவரப் போனேன். பயிற்சி கொடுக்கிறவர், "ஊட்டி விடாதீங்கம்மா. இடது கையால அவரே சாப்பிடட்டும். அவரா செய்யச் செய்யத்தான் மூளை மறுபடி கத்துக்கும்" என்றார்.

"எங்க வூட்ல பீச்சாங்கையால சோறு தின்ற வழக்கமில்லீங்க" என்றேன்.

வீம்பு. எங்கள் ஊர் கச்சிராயபாளையம் வந்தபின் மூன்று வேளையும் நானே ஊட்டினேன். மாதாமாதம் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மறியலில் பஸ் நின்றதைச் சாக்காக வைத்துப் போகாமல் விட்டேன். அவன் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறப்பான். கோமுகி அணையில் நீந்தினவன். இவனை ஏன் பிழைக்க வைத்தாய் என்றுகூட அம்மனைக் கேட்டேன். அந்தப் பாவத்தை மறைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை அவன் அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்காக ஆடி வெள்ளியில் கோயில் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு தின்றேன். எழுந்து போய், கோயில் வாசலில் உட்கார வைத்திருந்த அவனுக்குப் பிரசாதப் பொங்கலை ஊட்டினேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை, "இன்னாக்கா, பட்டாளத்துக்காரனுக்கு இன்னும் பாலு மறக்க வைக்கலியா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஏழுமலை என் கையைத் தள்ளினான். தொண்டை கரகரத்தது.

"வா... வாணாம்."

அடிபட்ட பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. இலையை இழுத்து, அத்தனை பேர் முன்னால் இடது கையால் அள்ளித் தின்றான். பாதி மடியில் சிந்தியது. யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதேன்.

மறு வாரமே சின்னசேலத்தில் ரயிலேறிப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். அம்மா என்ற சொல் வர இன்னும் இரண்டு வருஷமாயிற்று. வலது கை இன்றுவரை எழவில்லை. கல்யாணமும் அமையவில்லை. ஆனால் அவன் சோற்றை அவனே போட்டுத் தின்கிறான்.

அம்மனிடம் நம்பிக் கேளுங்கள். நான் கேட்டது அம்மா என்ற சொல். அவள் முதலில் கொடுத்தது வாணாம். என் வீம்புக்கு அதுதான் மருந்து.

கலா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதில் எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். ஒரு தடவை சத்தமாகப் படிம்மா. உன் பெரியப்பா ஏழுமலையும் கேட்கட்டும்.