ஆசாரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி

சேலம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு ஏற்காடு பஸ் கிளம்பியபோது என் பையில் ஒரு ஸ்வெட்டரும், நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்த அத்தியாயமும் இருந்தன. ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. அத்தியாயம் திரும்பி வரவில்லை.

மேடைச் சிரிப்பு நடிகர் கடமுடா கந்தசாமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னை மேடையொன்றில் அவர் சொன்ன ஒரு வரியால் ஊர் இரண்டானது. "எங்கூட்டு ஆசாரத்துல ஆட்டுக்குட்டி புழுக்கை போட்டுருச்சுங்க. கூட்டித் தள்ளிட்டுப் படுத்தேன், நல்ல தூக்கம்!" ஆசாரத்தை இழிவுபடுத்தினார் என்று ஒரு கூட்டம் உருவபொம்மை கொளுத்தியது. ஆசாரத்தைத் தகர்த்த வீரர் என்று இன்னொரு கூட்டம் ஆளுயர மாலை போட்டது. நான் மாலைக் கட்சி. 'ஒரு புழுக்கையின் புரட்சி' என்று தலைப்பிட்டு நெஞ்சு விம்ம எழுதியிருந்தேன்.

பதிப்பாளர் அம்மாள் விம்மவில்லை. "நீங்க ரசிகர், உங்க வார்த்தை செல்லாது. அவர் அதை என்ன அர்த்தத்துல சொன்னார்னு தெரிஞ்ச ஒருத்தரைப் பார்த்துட்டு வாங்க. இல்லைன்னா அத்தியாயத்தைத் தூக்கிடுவேன்." கந்தசாமியைக் கேட்டால், "எங்கக்காவைப் போய்ப் பாருங்க. எங்கிட்ட அது பேசறதில்லீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதில் என் காலை இட்லி வெளியேற விருப்பம் தெரிவித்தது. பன்னிரண்டாவதில் மனம் மாறியது. ஏற்காட்டில் ஏரிக்கரை அருகே பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து கொட்டச்சேடு போக ஜீப்.

"கந்தசாமி அக்கா ஊடுங்களா?" என்றார் டிரைவர். "போங்க சார். ஆனா உக்காரறப்பக் கீழ பாக்காம உக்காருங்க. அந்தம்மாவுக்கு நொம்பக் கோவம் வந்துரும்."

வீட்டுக்குள் பாம்பு வரும், அதைத் தேடினால் அந்தம்மாவுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கந்தசாமியின் அக்கா பழனியம்மாவின் வீட்டை அடைந்தேன். சுற்றிலும் காப்பிச் செடி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி. முன்கூடத்தில் நாற்காலி போட்டார். கீழே பார்க்காமல் உட்கார்ந்தேன். முகம் மலர்ந்து காப்பி கொடுத்தார். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"உங்க குடும்பத்துல ஆசாரம் எப்படிங்க இருந்துச்சு?"

"மொதல்ல நொம்பச் சின்னதுங்க. பொறவு எங்கூட்டுக்காரரு ரெண்டடி தள்ளிக் கட்டுனாரு."

மகத்தான உருவகம். குறித்துக்கொண்டேன்.

"கந்தசாமி ஆசாரத்தை மதிச்சாருங்களா?"

"அவன் எங்கீங்க மதிச்சான்! எங்க ஊட்டுலதான் இருந்தான், தோட்டத்துச் சேத்தோட நேரா உள்ள வருவான். டைல்ஸ் ஒட்டுன பொறவும் அதே கதைதான்."

பேனா நின்றது. "ஆசாரத்துக்கு டைல்ஸா?"

"ஏனுங்க, நீங்க உக்காந்திருக்கறது என்னன்னு நெனச்சீங்க? இதானுங்க ஆசாரம்!"

குனிந்து பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் ரோஜாப்பூ. முன்கூடத்துக்கு இந்தப் பக்கத்தில் ஆசாரம் என்று பெயராம். என் புரட்சி அந்த ரோஜாப்பூ மேல் வழுக்கி விழுந்தது.

"பாத்தீங்களா, நீங்களும் கீழ பாக்கறீங்க!" அக்கா பொங்கிவிட்டார். "ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தரு விடாம இப்படித்தானுங்க. புழுக்கை கெடக்குதான்னு பாத்துட்டுத்தான் உக்காருறாங்க. தெனமும் ரெண்டு தடவை தொடைக்கிற ஆசாரம்! ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லிப்புட்டான். அந்த ஆட்டை இங்க கட்டுனதே அவந்தான். அதைப் புஸ்தகத்துல போடோணுமுங்க."

உருவபொம்மை கொளுத்தியவர்கள் கோடம்பாக்கத்தில் புண்பட்டிருந்தார்கள். உண்மையில் புண்பட்டவர் கொட்டச்சேட்டில் இருக்கிறார்.

கந்தசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். "ஏங்க, அது எங்க ஊர் ஆசாரமா, உங்க ஊர் ஆசாரமா?"

"ஊட்டு ஆசாரந்தானுங்க. திட்டுனவங்ககிட்டச் சொல்லிருக்கலாம். மாலை போட்டவங்ககிட்ட, 'இது எங்கூட்டு ஹாலுங்க'ன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? நீங்க வேற ஒம்பது பக்கம் எழுதிட்டேன்னீங்க."

"சரி, ஆடு யாரோடது?"

"அக்காளுதுங்க."

"ஏன்டா டேய்!" போன் என் கையிலிருந்து போயிற்று. "பொய்யாடா சொல்ற? சந்தையில புடிச்சுட்டு வந்து, மழைன்னு ஆசாரத்துல கட்டுனது ஆரு? மறுநாள் கூட்டித் தள்ளுனது ஆரு? நீயா கூட்டுன?"

"அக்கா… நீ பேசிட்டியா?"

"பேசல. திட்டறேன்!"

திட்டு வெகுநேரம் நடந்தது. நடுவில், "சாப்ட்டியா?" என்றும் ஒரு திட்டு வந்தது. இரண்டாவது காப்பியை நானே ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது சாட்சியாக ஆட்டை விசாரிக்கலாமென்றால், அது அடுத்த பண்டிகைக்கே குழம்பாகிவிட்டதாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

விடைபெறும்போது அக்கா வாசல்வரை வந்தார். "என்னங்க எழுதுவீங்க?"

"ரெண்டு பேரு சொன்னதையும் எழுதுவேனுங்க. ஆனா ஒண்ணை மட்டும் என் பொறுப்புல எழுதுவேன்."

சாயங்கால பஸ்ஸில் ஏழாவது வளைவு தாண்டுவதற்குள் ஒன்பது பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. பதிப்பாளர் அம்மாள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். சென்னையில் எங்கள் வீட்டு ஹாலில் செய்தித்தாள், துவைத்த துணி, யாரோ கடித்து வைத்த பிஸ்கட் எல்லாம் கிடக்கின்றன. இங்கே வருகிறவர்கள் கீழே பார்த்துத்தான் உட்கார வேண்டும். அதைப் பற்றி இதுவரை யாரும் மேடையில் பேசவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அத்தியாயத்தின் அடிக்குறிப்பு இது: "ஆடு யாருடையது என்பது உறுதியாகவில்லை. ஆசாரம் சுத்தமாக இருந்தது. ஆதாரம்: நூலாசிரியர் நேரில் உட்கார்ந்து பார்த்தது."