கொடகவெலக் கடையில் பெரியம்மா சொன்னது

சேலை மடிப்புக் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, கொடகவெல டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள். தீபாவளிக்கு மட்டும் உடுத்தும் மெரூன் சேலை. தீபாவளிக்கோ இன்னும் மாதக்கணக்கு இருந்தது. பக்கத்தில் நான், முன் சீட்டில் எங்கள் தோட்டத்துப் பெக்டரி மெக்கானிக். ‘ஞாயித்துக்கிழமை டவுனுக்கு வாங்க, முக்கியமான விசயம், நீங்க இல்லாம முடியாது’ என்று கூப்பிட்டிருந்தார். ஒரு பெண் அதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வாள்?

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குக் கல்யாண வயது போயிருந்தது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் அவள் மடியில் தூங்கும். சாயந்திரமானால் ஒவ்வொன்றாகத் தாயோடு போய்விடும். பிறகு லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் அவள் தனியாக இருப்பாள்.

அந்த மெக்கானிக், தமிழே புழங்கும் ஹட்டன் பக்கத்திலிருந்து எங்கள் பெக்டரிக்கு வந்தவர். மனைவி இறந்து பல வருஷம். எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கோ பஸ்ஸில் டிக்கட் எடுக்கும் அளவுக்கு மேல் வராது. இரத்தினபுரி ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸ் என்று எங்கே போனாலும் பேசுவதற்குப் பெரியம்மா வேண்டும். லயத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவர் மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டார், ‘இங்க பாருங்க’ என்பார். அந்த ‘இங்க பாருங்க’வை வைத்துக்கொண்டு பெரியம்மா மனசுக்குள் ஒரு குடித்தனமே நடத்தினாள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நான் அதைக் கேலி செய்வேன், அவளும் சிரித்துக்கொள்வாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கடை. நடத்தியவள் கணவனை இழந்த சிங்களப் பெண், கூட வயதான தாய். கடைக்கு வெளியே நின்றுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். டவுனுக்கு வரும்போதெல்லாம் வெற்றிலை வாங்கி, சிரித்து, மனசு போய்விட்டதாம். அவளுக்கும் சம்மதம்தானாம். தாயிடம் பெண் கேட்கத்தான் தனக்குப் பேச்சு வராதாம். பெரியம்மா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு ‘சரி, வாங்க’ என்று முன்னால் நடந்தாள்.

நீ இவனுக்கு என்ன வேண்டும் என்று தாய்க்காரி பெரியம்மாவைக் கேட்டாள். அதை அவருக்குச் சொன்னதும், ‘அக்கான்னு சொல்லிருங்க’ என்றார். சொன்னாள். அடுத்து, குடிப்பானா, அடிப்பானா, என் மகளை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள் கிழவி. கொஞ்சம் தயங்கினாலே போதும், பேச்சு அத்தோடு முறிந்திருக்கும்.

பெரியம்மா சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவார் என்றாள். மழை இருட்டினால் யாரும் கேட்காமலே அடுத்த வீட்டு விறகையும் எடுத்து உள்ளே போடுவார். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் வாய் திறக்கமாட்டார், நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் தோளில் ஏறினால் இறக்கிவிடத் தெரியாது. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திப் பெரியம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

‘என்ன இவ்வளவு நேரம் சொன்னீங்க?’ என்று கேட்டார் அவர்.

‘நல்லவருன்னு சொன்னேன்.’

அவரைக் கடையில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குடிப்பாரென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் வைத்தே சண்டை போட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: ‘அவரப் பத்தி வாய் நெறையப் பேச எனக்கு வேற எப்பக் கெடைக்கும், புள்ள?’

போன வருஷம் பெரியம்மா தவறிப்போனாள். கடைசிவரை அதே காம்பராவில்தான் இருந்தாள். சாவு வீட்டுக்கு அவரும் வந்தார். இப்போது சிங்களம் சரளமாகப் பேசுகிறார். ‘என் கல்யாணத்த முடிச்சு வச்சதே இந்த அக்காதான்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அழுதது அவருடைய மனைவிதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா அன்றைக்குச் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, இந்த மனுஷனோடு ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துவிட்டேன் என்றாள். நல்ல பெண். நானும் தலையாட்டினேன். வயிறு எரிந்தது.