மயிலுக்கு மிஞ்சிய பெயிண்ட்

என் மாமனாருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. முப்பது வருடம் தோட்டத்தில் மண்டோராக இருந்து நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், ஒரே ஒரு தடவை யாருடைய மோட்டாரையோ வாங்கி ஓட்டிப் பார்த்து, நேராகத் தோட்டத்து வாய்க்காலுக்குள் இறங்கினாராம். அதற்குப் பிறகு ஓட்டுவதில்லை. பின்னால் உட்காருவதோடு சரி. கோயில், இறைச்சி மீன் வாங்கும் பாசார், கிளினிக், கல்யாணம், கருமாதி, எங்கே போனாலும் இரண்டு மருமகன்களில் ஒருவன் மோட்டாரில்தான்.

நான் மூத்த மருமகன். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்திலும் யாரைப் பார்த்தாலும் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகள் பிறந்த புதிது. நான் ரஹாங்கில் வாடகை வீட்டில் இருந்தேன். என் சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், செனாவாங்கில் இருந்தான். வேலை இரண்டு பேருக்கும் செனாவாங் தொழிற்சாலைகளில்தான், ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழாவிட்டால் இரண்டு குடும்பமும் சுவாவுக்கு உள்ளே இருக்கிற தோட்டத்துக்கு, மாமனார் வீட்டுக்குப் போய்விடுவோம். மோட்டாரும் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதான். ஒரே கடை, ஒரே நிறம், முன்னால் டிஸ்க் பிரேக். நான் ஒரு மாதம் முன்னால் எடுத்தேன். இதையும் எல்லோரிடமும் சொல்லுவேன்.

மாமனார் முறை வைத்து உட்காருவார். ஒரு வாரம் என் பின்னால், ஒரு வாரம் அவன் பின்னால். வம்பு வழக்கு இல்லாமல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை சகலை சிவப்பு பிரேக்கோடு வந்து இறங்கினான்.

முழு பிரேக்கும் இல்லை. டிஸ்க் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குமே, அந்தக் கைப்பிடி அளவு இரும்பு. காலிப்பர் என்பார்கள். அதைக் கழற்றி வீட்டிலேயே சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தான். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சக்கரத்துக்கு நடுவில் பளிச்சென்று இருந்தது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இது என்னா சின்ன மாப்ள, செவப்பா?"

"பிரேக்கு மாமா. இதுதான் கவ்விப் புடிக்கும்."

"நல்லா புடிக்குமா?"

"சும்மா தொட்டா போதும் லா மாமா. அப்படியே நிக்கும்."

வாய்க்காலுக்குள் இறங்கிய மனிதருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? எழுந்து நேராக என் மோட்டாருக்கு வந்தார். இடமும் வலமும் குனிந்து பார்த்தார்.

"உங்க மோட்டர்ல பிரேக்கு இல்லையா பெரிய மாப்ள?"

"இருக்கு மாமா. அதே பிரேக்குதான்."

"எங்க?"

நான் செம்மண்ணில் மண்டி போட்டு, விரலால் சேற்றை வழித்துக் காட்டினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று, எண்ணெய் அப்பிக்கொண்டு, கேட்டதற்காக மட்டும் எட்டிப் பார்த்தது. மாமனார் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவால்ல. நீங்க மெதுவா ஓட்டுங்க," என்றார். சொல்லிவிட்டுப் போய்ச் சகலை பின்னால் உட்கார்ந்தார். அன்றைக்கு என் முறை.

சகலை கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கிளம்பும் முன் என் காதருகே வந்து, "அண்ணே, ஒரு ஸ்ப்ரே டின்னுதான். பாதி மிச்சம் இருக்கு. வேணும்னா தர்றேன் லா," என்றான். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அவன் மோட்டார், அதற்கடுத்த வாரமும் அவன் மோட்டார். நான் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போவேன். அப்படிப் பின்னால் போகும்போதுதான் அதைப் பார்த்தேன். மாமனாரின் வலது கை சகலையின் தோளில் இருந்தது. சும்மா இல்லை, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு. என் பின்னால் உட்காரும்போது அவர் கை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில்தான் இருக்கும். நாலு வருடமாக அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இப்போது அந்தக் கம்பியை நினைத்தாலே வயிறு எரிந்தது.

"எங்கப்பா யாரு பின்னால உக்காந்தா உங்களுக்கு என்னா?" என்றாள் மனைவி, பின்சீட்டிலிருந்து.

"எனக்கு ஒன்னுமில்லையே."

"அப்பறம் ஏன் அவுங்க மோட்டர ஒட்டிக்கிட்டே போறீங்க? ஒரே பொகையா இருக்கு."

பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் சிவப்பு கூடாது. சிவப்பு அடித்தால் அவனைப் பார்த்து அடித்தது என்று தெரிந்துவிடும். பச்சை அடித்தால் தெரியாதா என்று மனைவி கேட்டாள். எந்த நிறம் அடித்தாலும் தெரியும் என்பது அவள் கட்சி. சிவப்பை விட ஒரு படி மேலே என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். பதில் எங்கள் அடுப்படி அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் தோட்டத்து முருகன் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்தோம். மாமனார்தான் கோயில் தலைவர். மயிலுக்குத் தங்க நிறம் அடிக்கும் வேலையை மூத்த மருமகன் என்று என்னிடம் கொடுத்தார். அரை டின் மிஞ்சியது. "பத்தரமா உங்க வீட்டுல வைங்க மாப்ள. அடுத்த வருசம் வேலுக்கு வேணும்," என்று கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு காலிப்பருக்கு எவ்வளவு செலவாகும்? ரெண்டு கரண்டி. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டால் மயில்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து பின்வாசலில் உட்கார்ந்தேன். இரண்டு நட்டைக் கழற்றினால் காலிப்பர் கையோடு வந்துவிடும். ஆனால் பிரேக் எண்ணெய் போகிற குழாயை மட்டும் கழற்றக் கூடாது. அதனால் ஒரு கம்பியில் மாட்டி ஹேண்டிலில் தொங்கவிட்டேன். வேலையிடத்து நண்பன் ஒருவன் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தான்: காலிப்பர் வெளியே இருக்கும்போது பிரேக்கை அமுக்கினால் உள்ளே இருக்கும் பிஸ்டன் துள்ளி வெளியே வந்து விழுந்துவிடும். பிரேக் பிடியை அமுக்க முடியாதபடி ரப்பர் போட்டுக் கட்டினேன். கட்டியும் நம்பிக்கை வராமல், "யாரும் பிரேக்கத் தொடாதீங்க" என்று வீட்டுக்குள் பார்த்து மூன்று முறை சொன்னேன். வீட்டில் இருந்தது மனைவியும், தொட்டிலில் பிள்ளையும்.

பிரேக் தூள் கறுப்பாக ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. பழைய பல் துலக்கும் பிரஷ், துணி சோப்பு, கடைசியில் கொஞ்சம் பெட்ரோல். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ரப்பர், பிஸ்டன், நட்டு போகும் ஓட்டை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்தேன். பெயிண்டை மெல்லிய பிரஷால் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று, அதுவும் காய்ந்த பிறகு மூன்றாவது.

மனைவி ஈரத் துணி வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"அது கோயில் பெயிண்டுல்ல?"

"கொஞ்சந்தான்."

"எங்கப்பாகிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"அவருக்கு எப்படித் தெரியும்? தங்கக் கலர் எல்லாம் ஒரே கலருதான்."

அவள் துணியைக் கொஞ்சம் பலமாக உதறினாள்.

மறுநாள் தோட்டத்தில் மோட்டாரை வேண்டுமென்றே வெயில் படுகிற பக்கமாக நிறுத்தினேன். சக்கரத்தில் சின்னச் சூரியன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சகலையின் சிவப்பு அதற்குப் பக்கத்தில் தக்காளிதான். சகலை வந்து பார்த்து, "சூப்பர் அண்ணே," என்றான், மனதார. அந்த 'மனதார' எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது முகம் சுருங்கியிருக்கலாம்.

மாமனார் வந்தார். குத்துக்காலிட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம மயிலு கலரு."

கோயில் சுவரின் ஒவ்வொரு விரிசலையும் தெரிந்த மனிதரிடம், தங்கக் கலர் எல்லாம் ஒரே கலர் என்று நினைத்தது நான்தான். அவர் முகம் மாறுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா மாமா. சாமி பெயிண்டு இருந்தா வண்டிக்குக் காவலா இருக்கும்னு நெனச்சேன். நீங்க பின்னால உக்கார்ற வண்டி."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு நன்றாக எடுபட்டது வேறில்லை. மாமனாரின் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலிப்பரைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"பெரிய மாப்ளன்னா பெரிய மாப்ளதான்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. நான் சகலையைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப வாங்க மாமா, பாசாருக்குப் போலாம்," என்று மோட்டாரை உதைத்தேன்.

"பாசாருக்கா? ஆட்டெறச்சி வாங்கவா? சாமி வண்டில எறச்சி ஏத்துவாங்களா மாப்ள?" என்றார். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சகலை பின்னால் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து சட்டம் ஆகிவிட்டது. என் மோட்டாரில் இறைச்சி, மீன், முட்டை கூடாது. செருப்புக் காலோடு அவர் ஏறுவதில்லை. கோயிலுக்கு என்றால் என் மோட்டார், வேறு எங்கே என்றாலும் அவன் மோட்டார். கிருத்திகை, ஆடி வெள்ளி, தோட்டம் தோட்டமாக நடக்கும் திருவிழா எல்லாம் என் தலையில் வந்தது. இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிச்சலோடு ரஹாங்குக்குப் போகாமல் நேராகச் சுவாவுக்கு வருவேன். மாமனார் குளித்து விபூதி பூசி, வெறுங்காலோடு வாசலில் நிற்பார். வழியெல்லாம் பேச மாட்டார்; சாமி வண்டியில் வெட்டிப் பேச்சு ஆகாது. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு. இன்னொரு கை பின்னால் கம்பியில்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் இறைச்சி வாங்கி, கோப்பிக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒன்னுமில்ல மாப்ள, அங்க ஒருத்தன்..." என்று தொடங்கி, அதை நினைத்து மறுபடி சிரிப்பார்கள். கதை எனக்கு வந்து சேர்ந்ததே இல்லை.

"உங்களுக்குத்தான் அண்ணே புண்ணியம் எல்லாம்," என்பான் சகலை, பல்லில் குத்திக்கொண்டே.

ஒரு கிருத்திகை அன்று குறுக்கே ஒரு கோழி ஓடியது. சட்டென்று பிரேக் பிடித்தேன். மாமனாரின் கை கம்பியை விட்டு என் தோளில் வந்து விழுந்தது. "மெதுவா மாப்ள," என்றார். கை இரண்டு விநாடி இருந்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு என் வழியில் நிறையக் கோழிகள் ஓடத் தொடங்கின. முச்சந்திக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று. சில கோழிகளை மாமனார் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தோளில் ஒரு கை, ஒரு "மெதுவா மாப்ள." முப்பது வயது ஆம்பிளை இதற்காகக் கோழி தேடிக்கொண்டு போனான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இதோ சொல்லிவிட்டேன்.

அப்படி அடிக்கடி அழுத்திப் பிடித்தால் பிரேக் கொதிக்கும். மயில் பெயிண்ட் மயிலுக்குச் செய்தது. மயில் பிரேக் பிடிப்பதில்லை. நாலாவது மாதம் அது கொப்புளித்துக் கறுத்து, செதில் செதிலாக உரிந்தது. பார்த்ததும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். முழுவதும் உதிர்ந்துவிட்டால் வண்டியிலிருந்து சாமி இறங்கிவிடுவார், நானும் இறைச்சி வாங்கப் போகலாம்.

மாமனார் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் இப்படி கருகுது? சின்ன மாப்ள வண்டி அப்படியே இருக்கே."

"அண்ணன் பிரேக்கு ஜாஸ்தி அடிக்கிறாரு மாமா," என்றான் சகலை.

"கோழி மாமா," என்றேன்.

"அந்த டின்னு இருக்கா?"

"தீந்து போச்சின்னு நெனக்கிறேன்."

"இருக்கேப்பா. இன்னும் கால் டின்னு இருக்கு," என்றாள் என் மனைவி.

அடுத்த ஞாயிறு வாசலில் சாக்கு விரித்து, கோயில் பிரஷை எடுத்துக்கொண்டு மாமனாரே உட்கார்ந்துவிட்டார். நான் காலிப்பரைக் கழற்றிப் பிடித்துக்கொண்டேன். கருகியதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மயிலின் கண்ணுக்கு அடிப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். சகலை மோட்டாரை உதைத்தான்.

"மாமா, நேரமாச்சி. நல்ல எறச்சி முடிஞ்சிரும்."

"நீங்க போங்க. இது காயாம நான் எப்படி வர்றது?"

சகலை தனியாகப் போனான். இரண்டாவது பூச்சு காய்வதற்குள் மாமனார், கோப்பிக்கடையில் சிரிக்க வைத்த ஒருத்தன் கதையைச் சொன்னார். அப்படி ஒன்றும் சிரிப்பாக இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காமல், பெயிண்ட் கையோடு என் தோளைப் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தார். வெள்ளைச் சட்டை. நாலு விரல், தங்க நிறம்.

"ஐயோ, சட்ட," என்றார்.

"இருக்கட்டும் மாமா."

அது எந்த சோப்புக்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், அதற்கடுத்த ஞாயிறும். என்ன அண்ணே தோளில் என்று சகலை கேட்பான் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டிய பதிலைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவன் கேட்கவே இல்லை. நாலாவது வாரம் மனைவி அதைக் கிழித்து மோட்டார் துடைக்கும் துணியாக்கிவிட்டாள்.

அதை வைத்துத்தான் ரொம்ப நாள் துடைத்தேன். தோள் பக்கத்தை மட்டும் உள்ளே மடித்து வைத்துக்கொள்வேன்.