மீன் சாப்பிடாத இரண்டு பேர்

என் கணவருக்கு வானிலை ஆபீசில் வேலை. எவ்வளவு மழை பெய்தது, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து எழுதித் தந்தியில் அனுப்ப வேண்டும். மத்திய அரசு உத்தியோகம் என்பதால் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். எழுபதுகளின் கடைசியில், எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சமயத்தில், வங்காளத்தில் ஆறுகள் பல கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிற பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு அவரை மாற்றினார்கள்.

நான் பிறந்தது வாசுதேவநல்லூர். வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவில். அன்றைக்குச் சங்கரன்கோவிலில் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் வேறு எந்த வேலையும் ஓடாது. அதனால் மாற்றல் சேதி வந்ததும் என் மாமியார், "ஆத்தங்கரையாம்லா! உனக்கென்னட்டி, குடத்தத் தூக்கிட்டு அலைய வேண்டாம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மதராஸ் போய், அங்கிருந்து ஹவுரா போய், பிறகு ஒரு லோக்கல் ரயில். இறங்கினால், சைக்கிள் ரிக்‌ஷாவின் பின்னால் பலகை அடித்த மாதிரி ஒரு வண்டி. அதில் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்து ஆற்றங்கரைக்குப் போய், மோட்டார் படகில் ஏறினோம். ஆற்றுக்கு மறுகரை தெரியவில்லை. எனக்கு எதையும் பார்க்கத் தெம்பு இல்லை.

"என்னங்க, இன்னும் எம்புட்டுத் தூரம் போகணும்?" என்று கேட்டேன்.

"இதுக்கு மேல போனா கடல்தான்" என்றார்.

ஊர் என்று பார்த்தால் ஒரே தெருதான். ஆற்றை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் மண்கரை போட்டிருந்தார்கள். அந்தக் கரையின் மேலேயே செங்கல் பாவிய தெரு. ஒரு முனையில் படகுத்துறை, மறு முனையில் மாடி வைத்த பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் துணிக்கடை, மருந்துக்கடை, வலை விற்கிற கடை, பெஞ்சு போட்ட டீக்கடைகள். வீடுகள் எல்லாம் கரைக்குக் கீழே இருந்தன. கடல் பொங்குகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் கூரைக்குச் சமமாக நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் மணி பார்த்து எதுவும் செய்வதில்லை. தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் கேட்பார்கள். படகு புறப்படுவதும் சந்தை கூடுவதும் அதைப் பொறுத்துத்தான்.

அந்த ஆற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கடல் உள்ளே ஏறி வருவதால் உப்புக் கரிக்கும். வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர் பிடித்த குளம் உண்டு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். குடிக்க வேண்டுமானால் பள்ளிக்கூட வாசலில் இருக்கிற அடிபம்புக்குப் போக வேண்டும். போன மறுநாளே நான் குடத்தோடு வரிசையில் நின்றேன். நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அலுப்பில் சிரிப்புத்தான் வந்தது.

எங்கும் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். துணி காயாது; காய்ந்தாலும் ஒரு புளிச்ச வாடை போகாது. கல் உப்பு ஜாடியிலேயே கரைந்து நிற்கும். தீப்பெட்டி பற்றாது. ஊரிலிருந்து கொண்டுபோன அப்பளம் துணி மாதிரி துவண்டுவிட்டது. காலையிலும் சாயங்காலமும் கடுகெண்ணெய் காய்கிற நெடி தெரு முழுக்க வரும். இவருக்கு இரவும் பகலும் மாறி மாறி டூட்டி. வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் ஆபீசுக்குப் போவார். எனக்குப் பேச ஆள் இல்லை.

பம்படியில் பெண்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்றைக்கு என்ன மீன்?" என்பதுதான். நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற மாதிரி. நாங்கள் சைவம். மீன் இல்லை என்று தலையை ஆட்டினேன். அடுத்த நாளும் ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் பார்வை மாறிவிட்டது.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அங்கே புருஷன் செத்தவள்தான் மீனை விட வேண்டும். புருஷன் இருக்கிறவள் மீன் தின்றே ஆக வேண்டும். தின்னாவிட்டால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். சுமங்கலி கையில் வெள்ளைச் சங்கு வளையல் போட்டிருப்பாள், வகிட்டில் குங்குமம் அப்பியிருப்பாள். என் கையில் கண்ணாடி வளையல், நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு. தாலிக்கயிறு அவர்கள் கண்ணுக்குத் தாலியாகவே படவில்லை. அந்த மதராஸ்காரிக்கு இவன் நிஜமாகவே புருஷன்தானா என்று ஆபீஸ் பியூனிடமே விசாரித்திருக்கிறார்கள். இவர் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். எங்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைச் சேலை, வெறும் கை, வெறும் வகிடு. கிண்ணத்தை நீட்டினாள். வாழைப்பூவில் தேங்காய் போட்டுச் செய்த பொரியல்.

"நானும் மீன் தின்பதில்லை. என் அடுப்பில் செய்தது. நீ தாராளமாகச் சாப்பிடலாம்" என்றாள். பாதி சைகையில்தான் புரிந்தது.

அவளை நான் 'திதி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் பாஷையில் அக்கா. அந்தப் பாஷையை எனக்குப் பழக்கியது அவள்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து காய் நறுக்குவோம், அதில் தானாக வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். அதிலிருந்து இந்தத் துணிக்கடைக்காரக் கொழுந்தன் வீட்டில் இருக்கிறாள். விடிந்ததும் வீட்டாருக்கு மீன் கழுவிச் சமைப்பாள். பிறகு குளித்துவிட்டு, தனியாக இருக்கிற சின்ன அடுப்பில் தனக்குக் காய்ச்சிக்கொள்வாள். மீன் குழம்பில் உப்பு போதுமா என்று வாயில் வைத்துப் பார்க்க முடியாது. ஆவியை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"அலுப்பாக இல்லையா திதி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலையில் அலுப்பாக இருக்கும். அப்புறம் மறந்துவிடும். மறுபடி காலை வரும்" என்றாள்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில், நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் இவர் ஆபீசிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"ஏட்டி, புயல் நம்ம பக்கமா திரும்புது. கட்டுத துணிய எடுத்துக்க, பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிரு."

"நீங்க வரலையா?"

"நான் எங்கன வர? மணிக்கு ஒரு தரம் தந்தி குடுக்கணும்லா. நீ அந்த அம்மாகூடப் போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

திதி என் கையைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடத்திக் கூட்டிப்போனாள். அவளுடைய ஓரகத்தியும் பிள்ளைகளும் முன்னால் போனார்கள். வீடுகளில் பெண்கள் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். புயல் வந்தால் ஊதுவது அந்த ஊர் வழக்கம். மத்தியானம் கரை உடைந்தது. மாடியிலிருந்து பார்த்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. தெரு நடுவில் ஒரு இடத்தில் செங்கல் சரிந்தது, தண்ணீர் உள்ளே நடந்து வந்தது. எங்கள் குளம் எது, வீடு எது என்று கொஞ்ச நேரத்தில் அடையாளம் தெரியவில்லை.

மாடியில் பெண்களும் பிள்ளைகளும் கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தோம். கொண்டுபோன பொரியும் வெல்லமும் தீர்ந்தன. இவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு படகுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பொரி தீர்ந்து மறுநாள், நிவாரணப் படகில் ஒரு அண்டா வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த கிச்சுடி. வாழையிலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கொடுத்தார்கள். திதியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

பரிமாறுகிறவர் அவள் இலைக்கு வந்தபோது ஓரகத்தி அங்கிருந்தே சொன்னாள். "திதிக்கு வேண்டாம். இன்றைக்கு ஏகாதசி."

அங்கே விதவைகள் ஏகாதசியன்று சோறு தொடக் கூடாது. சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்களும் உண்டு. திதி ஒரு ஏகாதசியையும் விட்டு நான் பார்த்ததில்லை. பரிமாறுகிறவர் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றார். மாடியே அவளைப் பார்த்தது.

"எனக்குப் பசிக்கிறது" என்றாள் திதி. இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

அவர் போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து என் காதருகில், "உப்பே போடவில்லை, பார்த்தாயா?" என்றாள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் கஷ்டமே தொடங்கியது. குளங்களில் எல்லாம் உப்பு ஏறிவிட்டது. வளர்த்த மீன் செத்து வெள்ளையாக மிதந்தது. நாற்றம் சோற்றில் வந்தது, தலைமயிரில் வந்தது. நின்ற நெல் கருகிவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் பாதி உயரத்துக்கு ஈரம். நான் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தேன். இவர் கண்கள் உள்ளே போய்விட்டன. பாத்திரம் துலக்கவும் இப்போது அடிபம்புத் தண்ணீர்தான். ஊரே குடத்தோடு நின்றது. எனக்கும் சேர்த்துத் திதிதான் தூக்கினாள்.

துணிக்கடையில் சரக்கு எல்லாம் சேற்றில் ஊறிப் போயிருந்தது. கடைசிப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஏகாதசியன்று அவள் தின்ற சோறு.

"வெள்ளம் முந்தியே வந்துவிட்டதே திதி. நீ பிறகுதானே சாப்பிட்டாய்?" என்றேன்.

"அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை. உடம்பு அசந்தவர்கள் சிரிப்பது மாதிரி இருந்தது.

ஒருநாள் நான் போய்ப் பார்த்தால் அவளுடைய சின்ன அடுப்பை உடைத்துப் போட்டிருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. எங்கள் பின்கட்டில் மூன்று செங்கல்லை வைத்து மண் பூசினாள். அதிலிருந்து எங்கள் இரண்டு பேர் சமையலும் ஒரே அடுப்பில்தான். ரசம் வைக்கச் சொல்லிக் கேட்பாள். குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அடுத்த ஏகாதசி வந்தது. அவளே இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

ஏழாம் மாதம் பிரசவத்துக்காக நான் ஊருக்குக் கிளம்பினேன். தண்ணீர் இறங்கியிருந்ததால் படகுக்குப் போகச் சேற்றின் மேல் பலகை போட்டிருந்தார்கள். என் வயிற்றைப் பார்த்துப் பயந்து, திதி முழங்கால் சேற்றில் இறங்கிப் பக்கத்திலேயே நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைக்குத் தலை நின்றதும் கூட்டிக்கொண்டு வா" என்றாள்.

அவர்களும் நம்மைப் போலத்தான், புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வருகிறேன்' என்பார்கள். நான் அவர்கள் பாஷையில் அதைச் சொன்னேன். படகு திரும்பியபோது அவள் சேற்றில் நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தெரியாது. எனக்கு முதுகு வலி தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. நான் சங்கரன்கோவிலுக்கு வந்த கொஞ்ச நாளில் இவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் ஆகிவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"திதி எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அவ இப்பம் அங்கன இல்ல. அக்கரையில பொம்பளப் பிள்ளைக படிக்க ஆஸ்டல்ல சமையலுக்குப் போயிட்டா. எங்க ஆபீஸ் பெரியவர் சம்சாரம்தான் சேத்து விட்டுது."

"கொழுந்தன் வீட்ல விட்டாங்களா?"

"ஒரு சத்தம் போட்டாங்க. இவ மூட்டையக் கட்டிட்டு படகுல ஏறிட்டா. தங்குததுக்கு ரூம் குடுத்திருக்காங்க, பூட்டுச் சாவியோட. போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். பிள்ளைக்கு மூக்கு, முழி யாரு மாதிரின்னு கேட்டா. என்னைய மாதிரின்னு சொன்னேன். நம்பல."

இன்னும் கேட்க எனக்கு நிறைய இருந்தது. அதற்குள் அவருக்குக் கண் சொருகிவிட்டது. கடிதம் போடலாம் என்றால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை பேச்சாகத்தான் தெரியும், எழுத வராது. மறுபடி அந்தப் பக்கம் போகிற மாதிரி எதுவும் அமையவில்லை. பூட்டுச் சாவியோடு ஒரு அறை என்று இவர் சொன்னதை மட்டும் அன்றைக்கு வேலைக்கு நடுவே பல தரம் நினைத்துக்கொண்டேன். பிறகு குழந்தை முழித்து அழுதது, எழுந்து போனேன்.